ஒற்றை ஆள் வண்டி

தேவசகாயம் தன் பழைய பைக்கைக் கூடத்திலேயே பிரித்துப் போட்டு, ‘கஃபே ரேசர்’ என்னும் பந்தய பாணி வண்டியாக மாற்றிக்கொண்டிருந்தான். ஹேண்டிலைத் தாழ்த்தினான். சீட்டின் பின்பாதியை அறுத்தெடுத்தான். மனைவி இன்பராணியின் புடவை சக்கரத்தில் சிக்காதிருக்கப் பூட்டியிருந்த கம்பித் தடுப்பையும் கழற்றிக் கொல்லையில் வீசினான். இன்பராணி அதைச் சுவரில் சாய்த்து, அதில் பாகற்கொடியை ஏற்றிவிட்டாள். கொடி காய்த்தபோது வண்டியும் தயாராகி வாசலில் நின்றது.

“நான் எங்க உக்கார?” என்று கேட்டாள்.

“இது ஒத்த ஆளு வண்டிடி,” என்றான் பெருமையாக.

அவள் உள்ளே போய் அவனுடைய பேன்ட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். சாவியை வாங்கி ஏறி உட்கார்ந்தாள். தாழ்த்திய ஹேண்டில் அவள் கைக்குச் சரியாக இருந்தது. முதல் உதையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“அப்ப நான்?” என்றான்.

“பாகலுக்குத் தண்ணி ஊத்துங்க,” என்றபடி கிளட்சை விட்டாள்.