பாதை பிரியும் இடத்தில்

எல்கடுவ மலையில் பனி இறங்கிக்கொண்டிருக்கிறது. மறதி நோயைப் பற்றித் தேயிலைத் தோட்டங்களில் தமிழில் கூட்டம் நடத்த அரசாங்கம் முதல்முறையாகப் பணம் ஒதுக்கியதால், இன்று மாத்தளையிலிருந்து டாக்டர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். கூட்டத்துக்குப் போன பெண்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்து லொறி மேல் டிவிசனுக்கு ஏறுகிறது. "பழகின வழியே மறந்துருமாம்டி! ஒங்க வீடு எதுன்னு சொல்லு, பாப்போம்!" என்று பின்னால் ஒரே சிரிப்பு. முன் இருக்கையில் விஜிதா. ஓட்டுவது அவள் கணவர் ஜெயக்காந்தன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்தப் பாதையில் ஓட்டுகிறவர்.

பாதை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் அவர்கள் குடியிருக்கும் லயங்கள். வலப்பக்கம், போன மழையில் மண் சரிந்து பாதி விழுந்துபோன பழைய ரோட்டு. அதற்கப்பால் வெறும் வெள்ளை. வைப்பர் கிறீச்சிட்டுப் போய்வருகிறது. இந்தக் குளிரிலும் ஜெயக்காந்தனின் நெற்றி வியர்த்திருக்கிறது. லொறி மெல்ல வலப்பக்கம் திரும்புகிறது.

"எங்கங்க போறீங்க?"

அவர் பிரேக்கை மிதிக்கிறார். பின்னால் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்துகிறார். "இது எந்த எடம், புள்ள?"

விஜிதா எட்டிக் கை பிரேக்கை இழுத்துவிட்டுச் சாவியை உருவுகிறாள். எஞ்சின் அடங்குகிறது. எங்கோ கீழே ஒரு கல் உருண்டு போகும் சத்தம்.

"கொஞ்ச நாளாவே இப்படித்தான்," என்கிறார் அவர். "தோட்டத்துத் தொரைகிட்ட சொல்லிடாத."

கேபினை யாரோ தட்டுகிறார்கள். "அண்ணே, ஏன் நிக்குது? எடுங்க, இருட்டப் போவுது!"

"இந்தா, எடுக்கிறேன்!" என்று அவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். கை மட்டும் சாவிக்காக அவளிடம் நீண்டிருக்கிறது.