வீட்டுக்காரர் கையெழுத்து

ஒரே மாசத்தில் மூணு பொண்ணுங்களுக்குப் புருஷனா வந்து நிற்கிற ஆளைப் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்தேன். அதுவும் எங்க தையல் கம்பெனி வேன் டிரைவரை!

சின்னவளுக்குத் தடுப்பூசி போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நர்ஸம்மா பிடித்துக்கொண்டார்.

"உன் ஆபரேஷன் ஃபாரம் என்னாச்சு? வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம பெரிய டாக்டர் கருத்தடை பண்ணமாட்டார். இன்னொரு பிரசவத்தை உன் உடம்பு தாங்காதுன்னு சொன்னேனா இல்லையா?"

"அவருக்கு ஓவர்டைம் சிஸ்டர். அடுத்த வாரம் கண்டிப்பா..." சிரித்து மழுப்பினேன்.

அடுத்த பெயரைக் கூப்பிட்டார். எழுந்தவள் எங்க கம்பெனியில் பட்டன் தைக்கிறவள்.

"வீட்டுக்காரர் யாரு?"

"நான்தாங்க." வேன்காரர் கையைத் தூக்கினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாச ஆரம்பத்தில், குழந்தைக்குச் சளின்னு வந்தப்போ, எங்க கம்பெனி செக்கிங் பொண்ணுக்கு வீட்டுக்காரர்னு இவர்தான் கையெழுத்துப் போட்டார். சரி, ஏதோ நமக்குச் சொல்லாத கல்யாணம்னு விட்டேன். போன வாரம் மருந்து வாங்க வந்தப்போ, துணிக்கு அயர்ன் போடுறவளுக்கு. இன்னைக்கு மூணாவது! நரைச்ச மீசை, நாங்க வாய் நிறைய 'அண்ணே'ன்னு கூப்பிடுற மனுஷன்!

வாசலில் மறித்தேன்.

"ஏண்ணே, இன்னும் எத்தனை குடும்பம் வெச்சிருக்கீங்க? இத்தனை பொம்பளைங்க உங்களை நம்பித்தானே வேன்ல ஏறுறோம்?"

பட்டன்காரி பதறி ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

"கத்தாதே அக்கா! எங்க வீட்டுக்காரர் ஃபாரத்தைக் கிழிச்சுப் போட்டுட்டாரு. 'ஆபரேஷன் பண்ணிட்டு எவன்கூட சுத்தப்போறே'ன்னு அடி வேற. அண்ணன்தான் அவர் பேரைப் போட்டு..."

"நர்ஸம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியாமயா? அண்ணன் கையெழுத்துப் போட்டு முடிக்கிறவரைக்கும் குனிஞ்சு ரப்பர் ஸ்டாம்பைத் தேடிக்கிட்டே இருப்பாங்களே!"

வேன்காரர் சாவியைப் பார்த்தபடியே பேசினார்.

"என் சம்சாரத்துக்கும் இதே ஃபாரத்தைத்தாம்மா குடுத்தாங்க. போடமாட்டேன்னு வீறாப்பா வந்துட்டேன். அஞ்சாவது பிரசவத்துல போயிட்டா. பாடியை வாங்கிக்க மட்டும், காட்டின இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டேன்."

என் கை தானாகப் பைக்குள் போனது. ஓவர்டைமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ரெண்டு மாசமா மடித்தே கிடந்த ஃபாரத்தைப் பிரித்து அவர் முன்னால் நீட்டினேன்.

"அண்ணே... வர்ற செவ்வாய்க்கிழமை எனக்கும் புருஷனா வர்றீங்களா?"