பாதியாகக் குறைந்த புட்டி

"உலகத்தோர் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், மார்பகப் புற்றுநோயின் ஆட்டம் இன்றோடு முடிந்தது!"

மூன்று மாதங்களுக்கு முன் மேடையில் பேராசிரியர் இப்படித்தான் முழங்கினார். ஏதோ இலைச்சாற்றின் ஃபீனாலிக் சேர்மங்கள் புற்றுச் செல்களை இரண்டே நாளில் கொன்றுவிட்டனவாம்.

கூட வேலை பார்ப்பவர்கள் களவாடிவிடுவார்கள் என்று பயந்து, சாற்றுப் புட்டியை வீட்டு ஃப்ரிட்ஜில் ஒளித்து வைத்தார். இன்று எடுத்துப் பார்த்தால் பாதிதான் இருந்தது.

"அடியே, திருடன் வீட்டுக்குள்ளயே வந்துட்டான்! என் இருபது வருஷ உழைப்பு போச்சு!"

"கத்தாதீங்க. நான்தான் எடுத்தேன்."

"நீயா? யாருக்குக் கொடுத்தே?"

"நானேதான் குடிச்சேன். தினம் ஒரு ஸ்பூன்." என்றாள் மனைவி. "நீங்க மேடையில பேசுன அன்னிக்குக் காலையிலதான் மார்புல கட்டி தட்டுப்பட்டுது. வீட்டுலயே மருந்து இருக்கு, டாக்டர் எதுக்குன்னு விட்டுட்டேன். இப்ப பெருசாயிடுச்சுங்க. பயமா இருக்கு. அளவைக் கூட்டணுமா?"

பேராசிரியர் கையிலிருந்த புட்டியைப் பார்த்தார்.

செல்கள் செத்தது ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டில். அந்தச் சாற்றை அவர் இதுவரை ஓர் எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்த்ததில்லை.