குடும்பத்தோடு நடக்கும் பாதை

ஏற்றம் குறைந்த மலைப்பாதை எது என்று நளினி ஒரு வாரமாகச் செல்போனில் தேடியபோதே உதயசூரியனுக்குச் சந்தேகம் தட்டியது.

"குடும்பத்தோட நடக்கிற பாதைப்பா. நீங்களும் வாங்க" என்றாள்.

சாத்தம் படகுத்துறையில் ஃபெர்ரி ஏறி அக்கரையில் இறங்கியதும் குணா என்ற இளைஞன் காத்திருந்தான். "ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிறவர்" என்றாள்.

தாயில்லாமல் வளர்த்த ஒரே பெண். உதயசூரியன் இருவருக்கும் நடுவில் புகுந்து நடந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் இருவரும் கிசுகிசுத்துச் சிரித்தார்கள்.

பாதி மலையில் பொறுக்க மாட்டாமல் நின்றுவிட்டார்.

"தம்பி, நேராவே கேக்கிறேன். இது கல்யாண விஷயம்தானே?"

"அரே, கண்டுபிடிச்சிட்டீங்களே அங்கிள்! அம்மாகூட மேல காத்திருக்காங்க."

"என்கிட்ட ஏம்மா முதல்லயே சொல்லல?"

"சொன்னா வந்திருக்க மாட்டீங்கப்பா."

உச்சியில், மர பெஞ்சிலிருந்து ஓர் அம்மாள் கூச்சத்தோடு எழுந்தார். "எங்கம்மா, வசந்தகுமாரி" என்றான் குணா.

நளினி அப்பாவின் காதருகே வந்தாள். "குணாவுக்குப் போன வருஷமே கல்யாணம் ஆயிடுச்சுப்பா. அவங்கம்மாவும் உங்களை மாதிரி தனியாத்தான் இருக்காங்க. இன்னிக்குப் பொண்ணு பார்க்க வந்திருக்கிறது நீங்கதான்."

வந்த வழியே இறங்கிவிடத் திரும்பினார் உதயசூரியன். அந்த அம்மாள் மறுபடி பெஞ்சில் அமர்ந்து, நகர்ந்து இடம் விட்டதும், போய் உட்கார்ந்தார்.