நாலு பக்கமும் பெயர்

தோஹா தொழில்பேட்டை கேம்பில், ஏசியின் ஓரத்து இடுக்கு வழியாக வெள்ளிக்கிழமை வெயில் அறைக்குள் ஒரு கோடாக விழுந்து கிடக்கிறது. முந்தாநாள் தற்கொலை செய்துகொண்ட அம்மையப்பனின் சாமான்களை ஊருக்கு அனுப்பச் சொல்லி, கேம்ப் பாஸ் ஒரு காலி அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு வேலை இல்லை. அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து அறைத்தோழன் செல்வசிங் இழுக்கிற பெட்டி ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. நைலான் கயிறு குறுக்கும் நெடுக்குமாக இறுகியிருக்கிறது. லீவுக்குப் போகிறவர்களின் பெட்டிக்கெல்லாம் நாலு பக்கமும் பெயரும் ஊரும் எழுதிக் கொடுக்கிற அம்மையப்பன், இதில் தன் பெயரையே எழுதி வைத்திருக்கிறான். அச்சுப் போன்ற கையெழுத்து. ஓரிடத்திலும் மார்க்கர் நடுங்கவில்லை. “லீவுக்கு இன்னும் எட்டு மாசம் கெடக்கு, இப்பவே எங்கடா கெளம்பிட்டன்னு கேட்டேன்,” மேல்கட்டிலிலிருந்து விஜி சொல்கிறான். “சிரிச்சாண்ணே. நாங்களும் சிரிச்சோம்.” “பிரிச்சு, உள்ள என்ன இருக்குன்னு எழுதணுமாம் மக்கா,” என்கிறான் செல்வசிங். முடிச்சில் நகத்தை வைக்கிறான். அசையவில்லை. போன வாரம் அம்மையப்பன் கேட்டபோது, கயிறு நழுவாமல் இந்த முடிச்சின் மேல் விரலை வைத்து அழுத்திக் கொடுத்தது செல்வசிங்தான்.