யப்பானிலை சப்பாத்தை எங்கை கழட்டுறது?

நாகேஸ்வரி வீட்டுச் சொந்தக்காரரையே வாசலிலை மறிச்சுப் போட்டா.

"முசியே, குறை நினைக்காதேங்கோ. சப்பாத்தைக் கழட்டிப் போட்டு உள்ளுக்கை வாங்கோ."

பிலிப் முசியே புதுச்சேரிக்காரர். பிரெஞ்சு அரசாங்கத்திலை உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பாரிசிலை லா சப்பல் எண்ட இடத்திலை ஒரு பழைய கட்டடத்திலை கீழ்மாடியிலை தான் இருந்துகொண்டு, மேல்மாடியிலை இருக்கிற சின்ன அறையை, ஊர்ச் சண்டைக்குத் தப்பி அகதியாக வந்த நாகேஸ்வரி குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

தன்ரை வீட்டுக்குள்ளை போக தனக்கே சட்டமோ எண்டு மனுசனுக்கு ஏறிப் போச்சு. வாசலுக்கு வெளியிலை கிடந்த செருப்புகளைக் காலாலை தள்ளிவிட்டார்.

"இது பிரான்சு. செருப்பை நடையில போட்டு வைக்கிற பழக்கமெல்லாம் இங்க வேணாம். இந்தக் கட்டடத்து வெள்ளைக்காரங்க எல்லாருமே குறை சொல்றாங்க. உங்களுக்காக நான் எத்தினி பேருக்குப் பதில் சொல்றது?"

நாகேஸ்வரி விளங்கப்படுத்திப் பார்த்தா. இருக்கிறது ஒரேயொரு அறை. சமையல், படுக்கை, சாமிப்படம் எல்லாம் அதுக்குள்ளைதான். தெருவெல்லாம் மிதிச்சதோடை அதுக்குள்ளை எப்பிடிக் கால் வைக்கிறது?

அந்தக் கதையெல்லாம் அவருக்குத் தேவையில்லை. ஒண்டில் செருப்பு உள்ளுக்கை போகவேணும், இல்லாட்டி குளிர்காலம் முடியக் குடும்பம் வெளியிலை போகவேணும் எண்டு சொல்லிப் போட்டு விறுவிறெண்டு இறங்கினார்.

அகதி எண்டவுடனை கதவைச் சாத்திற பாரிசிலை இன்னொரு அறை எடுக்கிறது லேசுப்பட்ட வேலையோ? நாகேஸ்வரியின்ரை மனுசன் வாமதேவன் ரெஸ்ரோரண்டிலை கோப்பை கழுவுறவர். பயந்து போனார். செருப்பைப் பையிலை சுத்திக் கட்டிலுக்குக் கீழை வைப்பம், ஏன் வீண் வில்லங்கம் எண்டு கெஞ்சிப் பார்த்தார்.

"வைக்கேலாது," எண்டா நாகேஸ்வரி. "நான் என்ன, களவெடுத்துக்கொண்டு வந்தனானே ஒளிக்கிறதுக்கு?"

செருப்பு வெளியிலைதான் கிடந்தது. முந்தியைவிட வடிவாக, நிரைக்கு அடுக்கி வைச்சா.

இதுக்கிடையிலை முசியேக்கு ஒரு அதிட்டம் அடிச்சுது. மகள் ஜிஸ்லேன் விமான நிலையத்திலை வேலை செய்யிறவ. தாய் தகப்பனுக்கு மலிவு ரிக்கற் கிடைச்சுது. முசியேயும், அவரைப்போலப் புதுச்சேரியிலை பிறந்த மனுசி தெரேசும் யப்பானுக்குப் போய், பனிச்சறுக்கு விளையாடுற மலையூர் ஒண்டிலை ஒரு கிழமை நிண்டுபோட்டு வந்தினம்.

வந்த கையோடை கட்டடத்துச் சனத்தை எல்லாம் வீட்டை கூப்பிட்டு ஸ்லைட் படம் காட்டினார். இனி ஆரும் அங்கை போறதெண்டால் பிரயோசனமாக இருக்குமாம். நாகேஸ்வரியைக் கூப்பிட்டது தெரேஸ்.

முசியேக்குச் சொல்லியே தரவேணும்! சறுக்கிற பலகையைக் காவிக்கொண்டு போகத் தேவையில்லை, விடுதியிலையே வாடகைக்கு எடுக்கலாமாம். காசாகத்தான் கொண்டுபோகவேணுமாம், மலைக்கடைகளிலை வங்கி அட்டை வாங்கமாட்டினமாம். இராச்சாப்பாடு பொழுதுபட்ட உடனையாம், பிந்தினால் பட்டினிதானாம். பரிமாறுற பிள்ளைக்குக் கைக்குள்ளை காசு வைச்சால் திருப்பித் தந்திடுமாம். சுடுதண்ணித் தொட்டிக்குள்ளை இறங்க முன்னம் வெளியிலை இருந்து ஊத்தை போகத் தேய்ச்சுக் குளிக்கவேணுமாம்.

நாகேஸ்வரிக்குப் பிரெஞ்சு மட்டுமட்டு. பக்கத்திலை இருந்த தெரேஸ் காதுக்குள்ளை தமிழிலை சொல்லிக்கொண்டு வந்தா.

அடுத்த படம் விழுந்துது. விடுதி வாசல். வாசலிலை நிரைக்குச் சப்பாத்துகள்.

வெள்ளைக்காரச் சனம் ஆவெண்டு பார்த்துது. முசியேயின்ரை குரல் இன்னும் உயர்ந்துது. தெருவை மிதிச்ச சப்பாத்து யப்பானிலை வாசலைத் தாண்டாதாம். எப்பேர்ப்பட்ட கொம்பன் எண்டாலும் கழட்டிப் போட்டுத்தான் உள்ளுக்கையாம். உலகத்திலையே இதைப்போல நாகரிகமான சனம் இல்லையாம்.

நாகேஸ்வரிக்குப் பத்திக்கொண்டு வந்துது. எழும்பி நிண்டா.

"தெரேஸ் அக்கா, நான் சொல்லுறதை அப்பிடியே பிரெஞ்சிலை சொல்லுங்கோ. யப்பான்காரன் வெளியிலை கழட்டினால் நாகரிகம். நான் கழட்டினால் ஏன் வீட்டை விட்டு எழும்பவேணும்? என்னைப் பற்றிக் குறை சொன்ன ஆக்கள் எல்லாம் இஞ்சைதானே இருக்கினம். என்ரை முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்."

முசியே அவசர அவசரமாக அடுத்த படத்தைத் தள்ளினார். வேண்டாமெண்டு மனுசிக்குக் கண்ணைக் காட்டினார்.

தெரேஸ் அவரைப் பார்த்தா. பிறகு எழும்பி நிண்டு, ஒரு சொல்லும் விடாமல் சொன்னா.

சனம் ஆளையாள் பார்த்துது. நாகேஸ்வரியின்ரை எதிர்க்கதவிலை குடியிருக்கிற மதாம் லெபிக் தான் முதல் வாய் திறந்தா. தான் ஒருநாளும் குறை சொன்னதே இல்லையாம், அந்தச் செருப்பாலை தனக்கென்ன கரைச்சலாம். மற்றவையும் தாங்கள் ஒண்டும் சொல்லேல்லை எண்டு தலையாட்டிச்சினம்.

மதாம் அதோடை நிக்கேல்லை. முசியேயைக் காட்டி இன்னும் ஏதோ சொன்னா. முசியே நிலத்தைப் பார்த்தார்.

"என்னவாம் அக்கா?"

தெரேஸ் எல்லாருக்கும் கேக்கத் தமிழிலை சொன்னா.

"'மாடிப்படியில நீங்க ரெண்டு பேரும் பேசற பாஷையைத்தானே அந்தப் பொண்ணும் பேசுது, உங்க ஜனங்களா?'ன்னு இவர்கிட்ட ஒரு நாள் கேட்டாங்களாம். 'இல்ல மதாம், அந்தப் பாஷையே எனக்குத் தெரியாது'ன்னு சொன்னாராம்."