பெங்களூர் வேலை

நீதிபதி. அரசு வழக்கறிஞர். மகனுக்காகச் சாட்சி சொல்ல வந்த அப்பா வைகுண்டம். எதிர்வீட்டு ஆவுடையப்பன். ஒரு கண்ணை இழந்த கேபிள்காரர் மரியதாஸ். கூண்டில் மகன் செண்பகராமன்.

வைகுண்டம் தன் மனைவியை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

கேபிள் இழுக்க மொட்டைமாடிக்கு ஏறியவரை, தன்னை வேவு பார்க்க வந்தவர் என்று நினைத்து மகன் கம்பியால் அடித்தான். குற்றம் உறுதியாகிவிட்டது. இன்று தண்டனை எவ்வளவு என்பது மட்டும்தான்.

வைகுண்டம் சாட்சிக் கூண்டில் ஏறினார். முதுகு வளையவில்லை.

"எம் மகனுக்கு மனநோய் இருக்குங்கய்யா. ரொம்ப வருஷமா. காதுல யாரோ பேசுதாங்கன்னு சொல்லுவான்."

எந்தச் சபையிலும் அவர் சொல்லாதது. சொல்லிவிட்டார்.

"எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க?" என்றார் அரசு வழக்கறிஞர்.

காட்டவில்லை. இரண்டு மகள்களைக் கட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. மாடியில் ஓர் அறை இருந்தது.

"வீட்டுக்கு வந்து பாருங்க. அந்த ரூமுக்குத் தாப்பா வெளியிலதான் இருக்கு."

யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

சிறை மருத்துவர் ஒருமுறை பார்த்திருந்தார். அமைதியாக, மரியாதையாக இருக்கிறான் என்றார். வெளியாள் முன் வாய் திறக்காதே என்று சொல்லிச் சொல்லிப் பழக்கிய பிள்ளை.

அடுத்து ஆவுடையப்பன். நல்ல மனிதர். நல்லதைச் சொல்லத்தான் வந்தார்.

"தங்கமான பையன்யா. பைத்தியம்னு எந்தப் பய சொன்னான்? பெங்களூர்ல கம்பெனி வேலை. போனா மாசக்கணக்கா ஆளையே பாக்க முடியாது. வந்துட்டாம்னா அண்ணாச்சி எங்க வீட்டுக்கு மைசூர்பாகு கொடுத்தனுப்பிருவாக. சத்தியமா, எம் பேரனுக்கு அதுல ஒரு துண்டு மிஞ்சாது."

நீதிமன்றம் லேசாகச் சிரித்தது.

அந்த மைசூர்பாகை வைகுண்டமே திருநெல்வேலிக்குப் போய் வாங்கி வருவார். பெட்டியில் ஒட்டியிருக்கும் கடைப்பெயரைக் கிழித்துவிடுவார்.

மகன் கூண்டிலிருந்து ஆவுடையப்பனைப் பார்த்துக் கும்பிட்டான். எவ்வளவு மரியாதை.

நோய்க்கு ஆதாரம் இல்லை. தண்டனையைக் குறைக்க முகாந்திரம் இல்லை. ஏழு வருடம்.

வாசலில் டீக்கடை. அவர் வருவதைப் பார்க்காமல் ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"தண்டனையக் குறைக்க, பெங்களூர்ல வேல பாக்குத புள்ளையப் பெத்த அப்பனே பைத்தியமாக்கப் பாத்திருக்காரு."

அவர் நின்றார். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"அவன் பெங்களூருக்குப் போனதே இல்ல."